கலப்பத்து: ஒரு பழைய மோட்டார் படகு சொல்லித்தந்த வரலாறு



இந்த மாத உரையைத் தரும்படி நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கேட்டபோது, வழமைபோல ஒரு நூலைப் பற்றிப் பேசலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். அவர் விடவில்லை. "அண்ணை, நூலைப் பற்றிப் பேச ஆக்கள் இருக்கினம். நீங்கள் அஞ்சு வருசமாய்ச் சுரண்டிக்கொண்டிருந்த அந்தப் படகைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றார். படகைப் பற்றிச் சொல்வதென்றால் கொஞ்சம் வரலாறும் சொல்லவேண்டி வரும் என்றேன். சம்மதித்தார். ஆகவே இந்த மாதம் நீங்கள் வாசிக்கப்போவது, தச்சு வேலை தெரியாத ஒருவன் ஒரு பழைய மரப்படகைத் திருத்தப் புறப்பட்ட கதையும், அந்த வேலை அவனை இழுத்துச்சென்ற வரலாறும்.

நான் பிறந்தது மயிலிட்டியில். அப்பா கடற்தொழிலாளி. எங்களிடம் இயந்திரம் பூட்டிய ஒரு மரப்படகு இருந்தது. ஊரில் 'மூன்றரைத் தொன் போட்' என்று சொல்லுவோமே, அந்த வகை. பள்ளிக்கூட விடுமுறையில் படகைக் கரையேற்றினால் நானும் போய் நிற்பேன். ஆனால் வேலை பழக அப்பா விடமாட்டார். "நீ படி, இது எங்களோட போகட்டும்" என்பார். 1985 இன் தொடக்கத்தில் நான் கிழக்கு பேர்லின் வழியாக ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தேன். 1990 ஜூனில் மயிலிட்டி மக்கள் எல்லோரும் இடம்பெயர்ந்தார்கள். படகு கரையிலேயே நின்றது. அப்பா திரும்பி ஊருக்குப் போகாமலே, இடம்பெயர்ந்த வீட்டில் 2004 இல் காலமானார். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நான் போய்ப் பார்த்தேன். கடல் அப்படியே இருந்தது. எங்கள் படகு நின்ற இடம் எது என்றுகூட என்னால் சரியாகக் காட்ட முடியவில்லை.

திரும்பி வந்த அந்த இலையுதிர் காலத்தில்தான், வேலைத்தலத்தில் ஒரு நண்பர், தன் அயலவரின் தோட்டத்தில் ஒரு பழைய மோட்டார் படகு தார்ப்பாயின் கீழ் கிடப்பதாகச் சொன்னார். 1961 இல் கட்டப்பட்டது. 7 மீற்றர் 20 சென்ரிமீற்றர் நீளம். ஓக் மரச் சட்டத்தில் மஹோகனிப் பலகை. ஒரு சிலிண்டர் டீசல் இயந்திரம், 10 குதிரைவலு. விலை 300 யூரோ. அதை ஏற்றிக்கொண்டு வருவதற்கான கூலி 900 யூரோ. மலிந்த படகே விலை கூடிய படகு என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. அதன் பொருள் எனக்கு அன்றே விளங்கியிருக்க வேண்டும்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு நீந்தவே தெரியாது" என்றார் மனைவி. அது உண்மை. கடற்கரையில் பிறந்தும் எனக்கு நீச்சல் தெரியாது. 56 வயதில் அதையும் பழகவேண்டி வந்தது.

ஆற்றில் பிறந்த மோட்டார்

நாங்கள் குடியிருப்பது பிரேமன் நகரின் வடபகுதியில், வேசர் ஆற்றங்கரையில். ஃபேகசாக், ஆவுமுண்ட் என்னும் இடங்கள் எங்களுக்கு நடை தூரம். இந்தச் சின்ன இடத்துக்கு மோட்டார் படகின் வரலாற்றில் ஒரு பெரிய இடம் உண்டு என்பது படகை வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

கொட்லிப் டைம்லர் என்றவுடன் எல்லோருக்கும் கார்தான் நினைவுக்கு வரும். அவரும் அவருடைய கூட்டாளி வில்ஹெல்ம் மைபாக்கும் ஸ்ருட்காட்டுக்கு அருகே கான்ஸ்டட் என்னும் ஊரில், ஒரு தோட்டக் கொட்டிலில் வைத்துச் சிறிய, வேகமாகச் சுழலும் பெற்றோல் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார்கள். 1885 இல் அதை ஓர் இருசக்கர வண்டியில் பூட்டினார்கள். 1886 இல் ஒரு குதிரை வண்டியிலும், அதே ஆண்டில் நெக்கார் ஆற்றில் ஒரு படகிலும் பூட்டிப் பார்த்தார்கள். படகை இயந்திரத்தால் ஓட்டும் அமைப்புக்கு 1886 ஒக்ரோபரில் காப்புரிமையும் பெற்றார்கள்.

பெற்றோல் என்றால் அந்நாளில் மக்களுக்குப் பயம், வெடித்துவிடும் என்று. அதனால் டைம்லர் படகைச் சுற்றிக் கம்பிகளையும் பீங்கான் குமிழ்களையும் பொருத்தி, மின்சாரத்தில் ஓடுகிறது என்று பார்ப்பவர்கள் நினைக்கும்படி செய்தார் என ஒரு கதை சொல்லுவார்கள். இந்தக் கதையை என் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள். இன்றைக்கு மின்சாரத்தில் ஓடும் படகைக் கண்டுதான் மக்கள் தயங்குகிறார்கள்.

அந்த ஆரம்ப ஆண்டுகளில் டைம்லரின் இயந்திரங்களுக்குக் காரைவிடப் படகுகளே நல்ல சந்தையாக இருந்தன. காரணத்தை யோசித்துப் பாருங்கள். அன்றைய தெருக்கள் குண்டும் குழியும். ஆற்றில் அந்தத் தொல்லை இல்லை. இயந்திரம் சூடேறினால் குளிர்விக்கத் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு குதிரைவலு இயந்திரம் ஏற்றத்தில் வண்டியை இழுக்கத் திணறும். ஆனால் மிதக்கும் படகைத் தள்ளிக்கொண்டு போகும். கார் ஓட்டத் தெரு வேண்டும், ஆறு ஏற்கனவே இருந்தது.

ஆனால் இயந்திரம் மட்டும் இருந்தால் போதாது. அது நடுங்கும்போது பிளக்காத படகு வேண்டும். அதற்கு மரம் தெரிந்த கைகள் வேண்டும். ஆவுமுண்டில் ஃபிரீட்ரிக் லூர்சன் என்பவர் 1875 இல் படகுப் பட்டறை ஒன்றைத் தொடங்கியிருந்தார். டைம்லரின் இயந்திரத்துக்காக 1886 இல் 'ரெம்ஸ்' என்ற ஆறு மீற்றர்ப் படகை அவர் கட்டினார். உலகின் முதல் மோட்டார் படகு அதுதான் என்று அந்த நிறுவனம் தன் வரலாற்றில் பதிந்து வைத்திருக்கிறது. முதலாவதோ அல்லவோ, மிக ஆரம்பகாலப் படகுகளில் ஒன்று நான் தினமும் பாண் வாங்கப் போகும் பக்கத்தில் பிறந்தது. இன்று அதே நிறுவனம் உலகின் மிகப்பெரிய உல்லாசக் கப்பல்களைக் கட்டுகிறது.

அதன் பிறகு ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் ஜேர்மனியின் ஆறுகளிலும் ஏரிகளிலும் ஓடிய சிறு மோட்டார் படகுகளில் பெரும்பாலானவை மரத்தால் ஆனவை. போருக்குப் பின், கையில் கொஞ்சம் காசு புழங்கத் தொடங்கிய காலத்தில், நடுத்தரக் குடும்பங்களும் இப்படிப் படகு வாங்கின. என் படகும் அந்தக் காலத்துப் பிள்ளைதான். பிறகு பைபர்கிளாஸ் வந்தது. ஒரே அச்சில் நூறு படகு வார்க்கலாம். ஆண்டுதோறும் சுரண்டிப் பூசும் வேலை இல்லை. 1970களில் மரப்படகு கட்டும் பட்டறைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கட்டுகிற ஆள் குறைந்தால் திருத்துகிற ஆளும் குறைவார். இப்படித்தான் என் படகு தோட்டத்துத் தார்ப்பாயின் கீழ் வந்து சேர்ந்தது.

நான் செய்த பிழை

படகை ஒரு பொதுக் கொட்டகையில் வாடகைக்கு இடம் பிடித்து வைத்தேன். அங்கே மாரிகாலத்தில் இருபது படகுகள் வரை நிற்கும். முதலில் பூச்சைச் சுரண்டினேன். பழைய படகுகளில் அடிப்பூச்சுச் சிவப்பாக இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசியைச் சுவாசிக்கக்கூடாது. முகமூடி போட்டு, நனைத்து நனைத்துச் சுரண்டவேண்டும், சிறுபிள்ளைகளைக் கிட்ட விடக்கூடாது. இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன், சரியாகச் செய்தேன்.

மரத்தில் எங்கே உளுத்திருக்கிறது என்று பார்க்க ஒரு சின்னச் சுத்தியலும் குத்தூசியும் போதும். நல்ல மரம் 'டக்' என்று சொல்லும், உளுத்தது மந்தமாகக் கேட்கும். ஆச்சரியம் என்னவென்றால், தண்ணீருக்குள் கிடந்த அடிப்பகுதி நன்றாக இருந்தது. மழைநீர் தேங்கிய மேற்தளமும் அதன் மூலைகளும்தான் பழுது. ஆறும் கடலும் மரப்படகுக்குச் செய்யாத கேட்டை ஒழுகும் மழைநீர் செய்துவிடும்.

பல ஆண்டுகள் உலர்ந்து கிடந்ததால் பலகைகளுக்கு இடையே நீக்கல்கள் விழுந்திருந்தன. சில இடங்களில் ஒரு யூரோ நாணயம் போகும். இங்கேதான் நான் பெரிய பிழை விட்டேன். நீக்கல் என்றால் அடைக்கவேண்டும், எவ்வளவு கடினமானதால் அடைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று நினைத்தேன். கடையில் எபொக்சிப் பசை வாங்கி, ஒரு நீக்கல் விடாமல் நிரப்பி, கல்லுப்போல இறுகவைத்து, தேய்த்து, வண்ணம் பூசினேன். கண்ணாடிபோல இருந்தது. கொட்டகையில் நின்ற சிலர் பாராட்டினார்கள். ஒரே ஒரு பெரியவர் மட்டும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

2019 மே மாதம் படகை நீரில் இறக்கினோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். நான்கு வங்குகள் வெடித்திருந்தன. ஒரு பலகையின் செப்பு ஆணிகள் கழன்று வெளியே தள்ளியிருந்தன.

காரணம் எளிது. மரம் தண்ணீர் குடித்தால் குறுக்காகப் பருக்கும். 12 சென்ரிமீற்றர் அகலமான ஒரு பலகை 2 மில்லிமீற்றர் வரை அகலிக்கலாம். ஒரு பக்கத்தில் பன்னிரண்டு பலகை என்றால் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல். அது போவதற்கு இடம் வேண்டும். இடத்தை நான் கல்லால் அடைத்துவிட்டேன். ஆகவே பலகைகள் ஒன்றையொன்று தள்ளி, கடைசியில் வங்குகளை முறித்தன.

படகை மீண்டும் கரையேற்றியபோது அந்தப் பெரியவர் வந்தார். எண்பதை நெருங்கும் வயது. படகு கட்டும் தொழிலை முறையாகப் பழகி, ஓய்வுபெற்றவர். "நான் அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும், நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று நினைத்தேன்" என்றார். பிறகு தன் பையிலிருந்து ஒரு மழுங்கிய உளியையும், நீண்ட தலையுள்ள ஒரு மரக் கொட்டாப்புளியையும், ஒரு பந்துப் பருத்தித் திரியையும் எடுத்தார். நீக்கலுக்குள் திரியை வைத்து உளியால் மெல்ல அடித்துக் காட்டினார். "இதைத்தான் செய்யவேண்டும், கல்ஃபாட்டர்ன்" என்றார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அப்பா இதைத்தான் செய்வார். அதே உளி, அதே பருத்தித் திரி. அவர் அதற்குச் சொன்ன சொல் 'கலப்பத்து'.

ஒரு சொல்லின் பயணம்

வீட்டுக்கு வந்து அகராதிகளைப் புரட்டினேன். தமிழில் கலப்பத்து, கலப்பற்று என்று இரண்டு வடிவமும் உண்டு. போர்த்துக்கேயர் வழியாக எங்கள் கரைக்கு வந்த சொல் என்கிறார்கள். கேரளத்தில் பெரிய உரு மரக்கலங்கள் கட்டும் பேப்பூரிலும் இதே சொல்லின் வடிவம் வழங்குகிறது. ஜேர்மன் சொல்லோ மத்தியதரைக் கடற்பக்கத்து மொழிகளிலிருந்து ஒல்லாந்தர் வழியாக வடக்கே வந்தது. மூலம் அரபா கிரேக்கமா என்று அறிஞர்கள் வாதிடுவார்கள். எப்படியோ, ஒரே கடலோடிகளின் சொல் ஒரு பக்கம் வேசர் ஆற்றுக்கும் இன்னொரு பக்கம் மயிலிட்டிக்கும் போயிருக்கிறது. முப்பத்துநான்கு வருடம் இந்த நாட்டில் இருந்துவிட்டு, அப்பாவின் தொழிற்சொல்லை ஒரு ஜேர்மன்காரரின் வாயால் நான் கேட்டேன்.

சொல் வந்த வழி அது. வேலை அதைவிடப் பழையது. பிரேமர்ஹாவனில் உள்ள ஜேர்மன் கப்பல் அருங்காட்சியகத்துக்குப் போனால் 1380ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட ஒரு வணிகக் கப்பலைப் பார்க்கலாம். 'கொக்க' என்று அந்த வகைக்குப் பெயர். 1962 ஒக்ரோபரில், பிரேமன் துறைமுகத்தை அகலப்படுத்த வேசர் ஆற்றைத் தோண்டியபோது சேற்றுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. 23 மீற்றருக்கு மேல் நீளம். ஏறத்தாழ 2000 துண்டுகளாக எடுத்தார்கள். 1972 இல் தொடங்கி ஏழு ஆண்டுகள், மரம் உலர்ந்து சுருங்காமலிருக்க நீர்ப்புகை அடித்துக்கொண்டே, துண்டுகளைப் பொருத்தினார்கள். பிறகு கப்பலைச் சுற்றிப் பெரிய தொட்டி கட்டி, 1981 முதல் 1999 வரை பொலிஎத்திலீன் கிளைக்கோல் என்ற மெழுகுபோன்ற பொருளின் கரைசலில் ஊறவைத்தார்கள். நான்கு வங்கு வெடித்ததற்கே நான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன் என்பதை இங்கே சொல்லிக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தக் கப்பலின் பலகை இடுக்குகளை நான் கிட்டப்போய்ப் பார்த்தேன். பாசி! பருத்தி கிடைக்காத நாட்டில் பாசியைத் திணித்து, அதன்மேல் மெல்லிய மரச்சட்டம் வைத்து, சின்ன இரும்புக் கவ்விகளால் இறுக்கியிருக்கிறார்கள். வடக்கே பாசி, எங்களிடம் பருத்தித் திரியும் எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியமும். பொருள் வேறு, அறிவு ஒன்று. இடுக்கை மிருதுவானதால் அடை, மரம் பருத்துத் தானே இறுக்கிக்கொள்ளும்.

எங்கள் பக்கத்துக் கப்பல்கள்

இந்த இடத்தில் வல்வெட்டித்துறையை நினைக்காமல் இருக்க முடியாது. அங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' என்ற பாய்க்கப்பலைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏறத்தாழ 90 அடி நீளம். வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கக் கடலோடி அதை வாங்கி, 'ஃபுளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்று பெயர் மாற்றினார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் அதைச் சுவெஸ், ஜிப்ரால்டர், பெர்முடா வழியாகச் செலுத்தி, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மாலுமிகளின் துணிச்சலை நாம் எப்போதும் பேசுவோம். அத்லாந்திக்கைக் கடக்கும் அளவுக்கு அந்த இடுக்குகளைக் கலப்பத்துப் பார்த்த கைகளைப் பற்றிப் பேசுவது குறைவு.

அந்தக் கைகள் எங்கே போயின? யுத்தம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். அது முழு உண்மை ஆகாது. இலங்கை சுதந்திரம் அடைந்த பின்னர் பாய்க்கப்பல் வணிகம் படிப்படியாக ஒடுங்கியது. 1950களின் பிற்பகுதியிலிருந்து அரசு இயந்திரப் படகுகளை ஊக்குவித்தது. அப்பாவின் மூன்றரைத் தொன் படகு அப்படி வந்ததுதான். அடுத்ததாகப் பைபர் வந்தது. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956 இல் நோர்வேக்குப் போய்ச் சேர்ந்தவர், அங்கே குடியேறிய முதல் தமிழர் என்று அறியப்படுபவர். அவர் நோர்வே நண்பர்களோடு சேர்ந்து 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய 'சீநோர்' நிறுவனம் காரைநகரில் பைபர் படகுகளைக் கட்டியது. அதனால் பல குடும்பங்கள் பிழைத்தன. பாரம் குறைந்த படகு, நாலுபேர் சேர்ந்தால் கரையேற்றலாம், ஆண்டுதோறும் கலப்பத்துச் செலவில்லை. கடலில் உழைப்பவனுக்கு அது பெரும் உதவி. வெளிநாட்டில் வசதியாக இருந்துகொண்டு, ஊரவர்கள் மரப்படகை விட்டிருக்கக்கூடாது என்று நான் சொன்னால் அது நியாயமில்லை.

ஜேர்மனியிலும் இதே மாற்றம் நடந்தது. ஆனால் இங்கே இரண்டு காரியம் செய்தார்கள். ஒன்று, படகு கட்டுவதை மூன்றரை ஆண்டுத் தொழிற்பயிற்சியாக விடாமல் வைத்திருக்கிறார்கள். லூபெக் நகரின் திராவமுண்டவில் அதற்கென ஒரு தொழிற்பள்ளி உண்டு. மற்றது, ஹம்பேர்க்கின் எவல்கொன போன்ற இடங்களில் 1970களிலிருந்து சாதாரண மக்கள் சங்கமாகச் சேர்ந்து, உடைக்கப்போன பழைய கலங்களை வாங்கித் திருத்தி, அருங்காட்சித் துறைமுகங்களை உருவாக்கினார்கள். அவர்களில் பலர் என்னைப்போலத் தொழில் தெரியாதவர்கள். ஓய்வுபெற்ற தொழிலாளிகளைப் பிடித்துக் கேட்டுக் கேட்டுப் பழகினார்கள். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டார்கள் என்பதுதான் முக்கியம்.

இரண்டாவது முறை

2019 கோடையில் தொடங்கி எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். கல்லாக இறுகிய எபொக்சியை அங்குலம் அங்குலமாகச் செதுக்கி எடுக்கவே ஒரு மாரிகாலம் போயிற்று. 2020 இல் கொரோனாவால் கொட்டகையை மூடினார்கள், அந்த ஆண்டு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

வெடித்த வங்குகளுக்குப் புதிய ஓக் வேண்டும். அதை வளைக்க நீராவியில் வேகவைக்கவேண்டும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மணித்தியாலம் என்பது கணக்கு. சுவர்க்கடதாசி உரிக்கும் நீராவிக் கருவியை வாடகைக்கு எடுத்து, ஒரு நீளப் பலகைப் பெட்டிக்குள் ஆவியை விட்டோம். பெட்டியிலிருந்து எடுத்தால் ஒரு நிமிடத்துக்குள் வளைத்துப் பொருத்தவேண்டும், பிறகு மரம் கேட்காது. முதல் மூன்று துண்டுகள் என் கையில் முறிந்தன. நான்காவது வளைந்தது. செப்பு ஆணி அடிக்கும்போது வெளியே ஒருவர் கனத்த இரும்பை அண்டக்கொடுக்க, உள்ளே மற்றவர் ஆணியின் நுனியைத் தட்டி மடக்கவேண்டும். வெளியே இரும்பு பிடித்தவள் என் மூத்த மகள்.

அவள்தான் ஒருநாள் கேட்டாள். "அப்பா, இதுக்குத் தமிழில என்ன?" கையில் இருந்தது வங்கு. அது நினைவிருந்தது. "அப்ப இது?" அடிக்கட்டை, ஏரா. "இது?" தெரியவில்லை. அதற்கடுத்ததும் தெரியவில்லை. ஜேர்மன் சொல் இரண்டுபேருக்கும் தெரிந்திருந்தது.

அன்று இரவு இலண்டனில் இருக்கும் சித்தப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் அப்பாவோடு தொழில் செய்தவர், எண்பத்திரண்டு வயது. "உனக்கு ஏன் இப்ப இதெல்லாம்?" என்றுதான் தொடங்கினார். பிறகு நிறுத்தவில்லை. அணியம், சுக்கான், ஏரா, வங்கு. வங்குக்கு வளைந்த பூவரசங் கொம்பை மரத்திலேயே பார்த்துத் தெரிவது எப்படி. குங்கிலியம் காய்ச்சும்போது எந்தப் பதத்தில் இறக்குவது. கலப்பத்து உளியைத் தட்டும்போது சத்தம் மாறும், அந்த இடத்தில் நிறுத்தவேண்டும், மேலே அடித்தால் திரி உள்ளே போய்விடும்.

இதே சத்தத்தைத்தான் கொட்டகைப் பெரியவரும் எனக்குச் சொல்லித்தர முயன்றுகொண்டிருந்தார். அவர் கதிரையில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "இன்னும் இல்லை, இன்னும் இல்லை, போதும்." ஒருவரையொருவர் காணாத இரண்டு முதியவர்கள், ஒருவர் ஜேர்மனிலும் ஒருவர் தமிழிலும், ஒரே சத்தத்தை எனக்குப் பழக்கினார்கள்.

2023 மே மாதம் படகை மறுபடி இறக்கினோம். இந்த முறை ஒழுகியது. ஒழுகவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு பம்பிகளை வைத்து மூன்று நாளும் இரவும் இறைத்தோம். முதல் நாள் பம்பி நிற்கவே இல்லை. இரண்டாம் நாள் விட்டுவிட்டு ஓடியது. நான்காம் நாள் காலை போனபோது பம்பி சும்மா கிடந்தது. உள்ளே கையை வைத்துப் பார்த்தேன், இடுக்குகள் இறுகிப்போய் இருந்தன. சுழலி அச்சு வெளியேறும் இடத்தில் மட்டும் நிமிடத்துக்குச் சில சொட்டுகள். அங்கே கொழுப்பிட்ட திரியைச் சுற்றி அடைத்திருக்கும், அச்சு சூடேறாமல் இருக்க அது சொட்டத்தான் வேண்டும். நான் சித்தப்பாவைத் தொலைபேசியின் காணொளியில் அழைத்து, அந்தப் பம்பியைக் காட்டினேன். "நல்லாய்க் குடிச்சிட்டுது" என்றார்.

பழைய படகைத் திருத்த நினைக்கும் நேயர்களுக்கு இரண்டு வார்த்தை. வாங்குமுன் தொழில் தெரிந்த ஒருவரைக் கூட்டிச்சென்று காட்டுங்கள். வாங்கும் விலையைப் பார்க்காமல், கொட்டகை வாடகையை ஆண்டுக் கணக்கில் பெருக்கிப் பாருங்கள். 2012 ஒக்ரோபரிலிருந்து 15 குதிரைவலு வரையான படகுக்கு ஜேர்மனியின் பெரும்பாலான நீர்வழிகளில் ஓட்டுநர் பத்திரம் தேவையில்லை. ரைன் ஆற்றில் அந்த எல்லை 5 குதிரைவலுதான். பத்திரம் தேவையில்லை என்பதால் விதிகள் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். மிதப்பு அங்கியை மறக்கவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. சித்தப்பா சொன்ன சொற்களை மகள் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். இதுவரை 43 சொற்கள். எதிரே அவற்றின் ஜேர்மன் சொல்லும் ஒரு சின்னப் படமும். அதில் ஆறு சொற்களுக்குச் சித்தப்பாவே திடமாகப் பொருள் சொல்லவில்லை, "அண்ணைக்குத்தான் தெரியும்" என்றார். அண்ணை என்றால் என் அப்பா. அந்த ஆறும் அவரோடு போய்விட்டன. 19 வருடம் அவரோடு தொலைபேசியில் பேசியிருக்கிறேன். காசு கிடைத்ததா, மருந்து எடுத்தீர்களா என்று கேட்டேனே தவிர, ஒரு நாள்கூடப் படகைப் பற்றிக் கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு தொழில் தெரிந்த முதியவர் இருப்பார். தோணி கட்டியவர், பனையேறியவர், நெசவு செய்தவர், புகையிலை பதப்படுத்தியவர். இந்த வார இறுதியில் அவரிடம் போய் இருந்து, ஒரு கொப்பியை விரித்துக் கேளுங்கள். அந்த ஆறு சொற்களில் ஏதாவது தெரிந்த ஒருவர் மயிலிட்டி, வல்வெட்டித்துறை, குருநகர்ப் பக்கத்தவர்கள் மத்தியில் இருந்தால், நிகழ்ச்சிப் பொறுப்பாளர் மூலமாக எனக்கு அறியத்தாருங்கள். கொப்பியில் அந்த இடங்களை மகள் வெறுமையாக விட்டு வைத்திருக்கிறாள்.